இரண்டரை வினாடிக்குக் கையை எடுத்துவிடுங்கள்: கேட்டபல்ட் புறப்பாட்டுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் விமானம் தாங்கிக் கப்பலுக்கு வந்து சேர்ந்ததும் முதலில் செய்கிற தப்பு ஒன்றுதான். விமானம் பாயும் நொடியில் ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். என் முதல் ஹார்னெட் கப்பல் விளிம்பைத் தாண்டியதும் மூக்கை வானத்துக்குத் தூக்கியது, தள்ளாடியது, அப்புறம் வால் முதலில் படக் கடலுக்குள் போனது. வேலை விட்டு வந்து சோறுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்தவனுக்கு அன்றைக்கு நான்கு விமானம் செலவு.

போன விடுமுறையில் சித்தி மகன் வந்திருந்தான். அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது, "இப்ப கையை எடுத்துடு" என்றேன். திரும்பிப் பார்த்து, "எடுத்துட்டா யாருண்ணா ஓட்டுறது?" என்றான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். சிமுலேட்டரில் எதைச் செய்ய வேண்டும் என்பதோடு, நிஜத்தில் அந்த இருக்கையில் இருக்கிற விமானியின் உடம்புக்கு அப்போது என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரியாமல் கை சும்மா இருக்காது.

எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் வகைக் கப்பலும் எஃப்/ஏ-18 ஹார்னெட்டும். சிமுலேட்டர்களிலும் பெரும்பாலும் இந்த ஜோடிதான் கிடைக்கும்.

முதலில் கணக்கு

கேட்டபல்ட் என்பது நம் ஊர் உண்டிவில்லுக்குப் பெரியப்பா. தளத்துக்கு அடியில் இரண்டு நீளமான சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். நீராவி அவற்றுக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளும். தளத்தில் ஒரு நீண்ட பிளவு. அதன் வழியே ஷட்டில் என்கிற ஒரு கொக்கித் துண்டு மட்டும் வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். விமானத்தின் முன்சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவது அதுதான். இப்படி நான்கு: இரண்டு கப்பலின் முகப்பில், நம் மீனவர்கள் அணியம் என்கிறார்களே அந்த இடத்தில், மற்ற இரண்டு கப்பலின் இடுப்புப் பகுதியில்.

ஓட்டத்தின் நீளம் சுமார் 94 மீட்டர். அதற்குள் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 72 மீட்டர். பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பார்த்தால் ஓட்டம் முடிய 2.6 வினாடி, முடுக்கம் சராசரியாக மூன்று ஜி-க்குச் சற்றுக் குறைவு (பூமி நம்மை இழுக்கிற அளவுதான் ஒரு ஜி). சாதாரண கார் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடப் பத்து வினாடி எடுக்கிறது என்றால் அது 0.28 ஜி. அதைப்போலப் பத்து மடங்கு. 70 கிலோ ஆளை இருக்கையின் முதுகுப்பக்கம் கிட்டத்தட்ட 200 கிலோ விசையோடு முன்னால் தள்ளுகிறது.

இந்த 260-க்கு மேல் காற்றும் உதவிக்கு வரும். விமானம் ஏவும்போது கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி ஓடுவது அதற்காகத்தான்.

இருக்கையில் உட்கார்ந்ததும்

சிமுலேட்டரில் இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிஜத்தில் முதல் வேலை பட்டைகளை இறுக்குவதும், தோள்பட்டையைப் பூட்டுவதும், மடியில் ஏதாவது தளர்வாகக் கிடக்கிறதா என்று பார்ப்பதும். பேனா, வரைபடம், கையுறை எதுவானாலும் பாய்ச்சலின்போது பின்னால் பறந்து எங்காவது இடுக்கில் போய் மாட்டும். தலையை முன்கூட்டியே சாய்மானத்தில் ஒட்டி வைத்துவிட வேண்டும். இடைவெளி விட்டால் ஹெல்மெட்டோடு மண்டை பின்னால் போய் மோதும்.

வீட்டில் செய்ய வேண்டியது: இறக்கையின் விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப்பை ஹாஃப் நிலையில் வையுங்கள். அடுத்து, ட்ரிம். ஹார்னெட்டில் வால் இறக்கையை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்பது எடையைப் பொறுத்தது. 44,000 பவுண்டு வரை 16 டிகிரி, 45,000 முதல் 48,000 வரை 17, 49,000-க்கு மேல் 19. எடை எவ்வளவு என்று திரையின் செக்லிஸ்ட் பக்கத்திலேயே இருக்கும். கையை எடுத்த பிறகு விமானம் தானாக மூக்கை உயர்த்துவது இந்த எண்ணை நம்பித்தான். இதைத் தப்பாக வைத்துவிட்டு, "கையை எடுத்தேன், விழுந்துவிட்டது" என்று என்னிடம் வராதீர்கள்.

எடைப் பலகை

கேட்டபல்ட்டை நெருங்கும்போது பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் ஐந்து இலக்க எண் எழுதிய பலகையை உயர்த்திக் காட்டுவார். கப்பல் தளத்தில் சட்டையின் நிறம்தான் வேலை: மஞ்சள் விமானங்களை நகர்த்துகிறவர்கள், பச்சை கேட்டபல்ட் ஆட்கள், சிவப்பு ஆயுதம், ஊதா எரிபொருள். பலகையில் இருப்பது உங்கள் விமானத்தின் எடை. அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு நீராவி என்று முடிவாகும். எண் சரி என்றால் கட்டைவிரல். தவறு என்றால் கையசைத்துத் திருத்த வேண்டும்.

சடங்கு மாதிரித் தெரிகிறது, சடங்கில்லை. குறைவான எண்ணுக்கு ஒத்துக்கொண்டால் பறக்கும் வேகம் வராமலேயே விளிம்பு வந்துவிடும். ரொம்ப அதிகமான எண்ணுக்கு ஒத்துக்கொண்டால் முன்சக்கரம் தாங்காது.

கொக்கி மாட்டுதல்

இங்கே அவசரமே கூடாது. மஞ்சள் சட்டைக்காரர் கைகளை அங்குலம் அங்குலமாக அசைப்பார். இரு கைகளையும் மட்டும் பார்த்து ஊர வேண்டும். பின்னால் ஒரு பெரிய தகடு எழுந்து நிற்கும். எஞ்சின் அனல் மற்ற விமானங்கள் மேலும் ஆட்கள் மேலும் அடிக்காமல் அது மேலே திருப்பிவிடும். முன்சக்கரத்தில் லாஞ்ச் பார் என்கிற கம்பியைக் கீழே இறக்குங்கள். அது ஷட்டிலில் போய் உட்காரும். பின்னால் ஹோல்ட்பேக் என்கிற இன்னொரு கம்பியை ஆட்கள் குனிந்து மாட்டுவார்கள். முன்னால் இழுக்க ஷட்டில், பின்னால் பிடித்து வைக்க ஹோல்ட்பேக். நிர்ணயித்த விசை வரும்வரை ஹோல்ட்பேக் விடாது. முழு எஞ்சினையும் போட்டாலும் விமானம் நகராமல் நிற்பது அதனால்தான். டிசிஎஸ் என்கிற சிமுலேட்டர் ஆட்டத்தில் சரியான இடத்தில் நின்று யு விசையை அழுத்தினால் இந்த வேலை எல்லாம் முடிந்துவிடும்.

முழு வேகம்

"டென்ஷன்" சைகை வந்ததும் பிரேக்கை விட்டுவிட்டு, எஞ்சின் விசையைக் கூட்டும் பிடியான த்ராட்டிலை முன்னால் தள்ளுங்கள். இப்போது விமானம் மூக்கைத் தாழ்த்திப் பதுங்கும். பாயப் போகிற பூனை முன்காலை மடக்குகிற மாதிரி. நிஜ விமானிக்கு உடம்பு முழுக்க அதிர்வு ஏறுவது இந்த இடத்தில். லாஞ்ச் பார் சுவிட்சை மேலே போட்டுவிடுங்கள். இழுவிசை இருக்கும்வரை கம்பி ஷட்டிலை விட்டு வெளியே வராது.

அப்புறம் "வைப்-அவுட்". ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய்த் திரும்புவது, பெடலை இரண்டு பக்கமும் மிதிப்பது. எல்லாம் தடையில்லாமல் அசைகிறதா என்று நீங்களும் பார்க்கிறீர்கள், வெளியே நிற்பவர்களும் பார்க்கிறார்கள். எஞ்சின் அளவீடுகளை ஒருமுறை பாருங்கள், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியக் கூடாது. கனமான விமானம் என்றால் ஆஃப்டர்பர்னர், அதாவது எஞ்சினின் வால்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டுவது. பெடலை மிதித்து முடித்ததும் குதிகால் தரைக்கு வந்துவிட வேண்டும். கால் பிரேக் மேலேயே கிடந்தால் டயர் வெடிக்கும்.

சல்யூட்

எல்லாம் சரி என்றால் ஷூட்டர் என்கிற அதிகாரியைப் பார்த்து ஒரு சல்யூட். டிசிஎஸ்-ல் ஷிஃப்டும் யு-வும் சேர்த்து. சல்யூட் அடித்த கை ஸ்டிக்குக்குத் திரும்பி வராது என்பதைக் கவனியுங்கள். ஹார்னெட்டில் கண்ணாடிக் கூண்டின் சட்டத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. துண்டு காயப்போடும் கம்பி மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வலது கை அதைப் பிடித்துக்கொள்ளும். இடது கை த்ராட்டிலை முன்பக்கமாக அழுத்தியபடி இருக்கும்.

தம்பிக்குச் சொன்ன பதில் இதுதான். மூன்று ஜி-யில் கை பின்னால் போகத்தான் செய்யும். ஸ்டிக் அந்தக் கையில் இருந்தால் அதுவும் கூடவே பின்னால் வரும். மூக்கு தூக்கும். பயந்து முன்னால் தள்ளுவீர்கள். கடல் 20 மீட்டர் கீழேதான் இருக்கிறது. ஹார்னெட்டின் கணினி, வைத்த ட்ரிம்முக்கு ஏற்ற கோணத்தை அலட்டிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் நம் கை வராமல் இருந்தால் போதும். இந்த வசதி இல்லாத பழைய விமானங்களில் முழங்கையை உடம்போடு ஒட்டி, ஸ்டிக்குக்குப் பின்னால் கையை அணையாகக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

சல்யூட்டுக்கும் பாய்ச்சலுக்கும் இடையே சில வினாடி. ஷூட்டர் கடைசியாக முன்னும் பின்னும் பார்க்கிறார், குனிந்து தளத்தைத் தொட்டு, கையை முன்னால் நீட்டுகிறார். பொத்தானில் விரல் வைத்திருப்பவர் தானும் ஒருமுறை இருபக்கமும் பார்த்துவிட்டு அழுத்துகிறார். கடல் கொந்தளிப்பாக இருந்தால் இந்தக் காத்திருப்பு இன்னும் மோசம். விமானம் விளிம்பை அடையும்போது அணியம் மேலே எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக, அது கீழே தாழ்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துச் சுடுவார்கள். ஆக, கிளம்பும் கணத்தில் விமானியின் கண்ணாடி முழுக்க வானம் இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். உங்களைத் தண்ணீரைப் பார்த்து எறிகிறார்கள் என்று கண் சொல்லும். கையோ கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டரை வினாடி

முதல் அடி முதுகில். காற்று நெஞ்சை விட்டு வெளியேறும், பார்வை மங்கி ஆடும், முன்னால் இருக்கிற எண்களைப் படிக்க முடியாது. கன்னம் காதுப்பக்கம் போகும். சக்கரம் தளத்தில் உருளும் தடதடப்பு இருக்கையின் வழியாக வரும். யோசிக்க நேரமில்லை, செய்யவும் எதுவும் இல்லை.

பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. ஓட்டத்தின் முடிவில் பிஸ்டன்களை ஒரு நீர்த்தொட்டி பிரேக் சட்டென்று நிறுத்துகிறது, தொம்மென்ற அந்த அதிர்ச்சி கப்பல் முழுக்கக் கேட்கும். விமானம் விடுபடுகிறது. மூன்று ஜி இருந்த இடத்தில் எஞ்சின் தரும் ஒரு ஜி-க்கும் குறைவான இழுப்பு மட்டும். உடம்பு பட்டைகளில் முன்னால் சாய்கிறது. தடதடப்பும் இல்லை. இதை மூளை எப்படிப் புரிந்துகொள்ளும்? "நின்றுவிட்டோம்" என்று. எஞ்சின் போய்விட்டதோ என்ற திடுக்கிடல் அப்போது வரும். உண்மையில் வேகம் இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே கண்ணுக்கு வேலை கொடுங்கள்: வேகம் ஏறுகிறதா, உயரம் ஏறுகிறதா, மூக்கின் கோணம் சரியா. மூன்றும் சரியாக இருந்தால் வலது கையை நிதானமாக ஸ்டிக்குக்குக் கொண்டு வாருங்கள்.

பயணிகளுக்கு இதெல்லாம் தலைகீழ். கப்பலுக்கு ஆட்களையும் சாமான்களையும் சுமந்த சி-2 கிரேஹவுண்ட் விமானத்தில் இருக்கைகள் வாலைப் பார்த்து இருக்கும். பாய்ச்சலில் அவர்கள் பட்டையில் தொங்குவார்கள். ஜன்னல்களும் பேருக்குத்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் சிப்பந்தி கையை வீசிக் கத்தினால், இதோ கிளம்புகிறது என்று அர்த்தம்.

இரவில் உடம்பு சொல்லும் பொய்

பகலில் பத்து முறை ஒழுங்காகப் போன பிறகு இதற்கு வாருங்கள். உள்காதில் ஈர்ப்பை உணரும் சிறு உறுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பூமி இழுப்பதற்கும் இருக்கை தள்ளுவதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் கூட்டி, "கீழ் என்பது இந்தப் பக்கம்" என்று ஒரே பதில் சொல்லும். கீழ்நோக்கி ஒரு ஜி, முதுகுப்பக்கம் மூன்று ஜி என்றால், கணக்குப்படி அந்தப் பதில் 70 டிகிரி சாய்ந்திருக்கும். அதாவது நீங்கள் மல்லாந்து படுத்த மாதிரி மேலே போகிறீர்கள். மூளை அவ்வளவு வேகமாக முழுசாக ஏமாறாது என்றாலும், மூக்கு அளவுக்கு மேல் தூக்கியிருக்கிறது என்ற உணர்வு வந்துவிடும். பாய்ச்சல் முடிந்த பிறகும் சில வினாடி நீடிக்கும். பகலில் அடிவானம் தெரிவதால் கண் அதைத் திருத்திவிடும். நிலா இல்லாத இரவில், கடலும் வானமும் ஒரே கறுப்பு. உடம்பை நம்பி ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் நேரே தண்ணீர். இதை 1970-களில் சுழல் எந்திரத்தில் ஆட்களை வைத்து அமெரிக்கக் கடற்படை சோதித்தே பார்த்திருக்கிறது.

இரவில் சல்யூட் தெரியாது. அதற்குப் பதிலாக வெளி விளக்குகளைப் போட வேண்டும். அந்த சுவிட்ச் இடது த்ராட்டிலின் வெளிப்பக்கத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. சுண்டுவிரல் ஒருமுறை அசைந்தால் போதும், தயார் என்று கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது. பல விமானிகள் இரவில் வெளியே பார்ப்பதையே விட்டுவிட்டு, கருவிகளில் கண்ணை நட்டுக்கொண்டு போவதன் காரணம் மேலே சொன்னதுதான். நாற்காலியில் இருக்கும் நமக்கு உள்காது பொய் சொல்லாது. அதனால் சிமுலேட்டரில் இரவுப் புறப்பாடு சுலபமாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள், நிஜத்தின் பாதிகூட இல்லை அது.

ஏதாவது தவறினால்

சல்யூட்டுக்கு முன்னால் என்றால் தலையை இடவலமாக ஆட்டி, "சஸ்பெண்ட்" என்று ரேடியோவில் சொல்லுங்கள். புதியவர்கள் உடனே த்ராட்டிலை இழுத்துவிடுகிறார்கள். கூடாது. சைகை போய்ச் சேரவில்லை என்றால், எஞ்சின் சும்மா இருக்கும் விமானத்தைக் கேட்டபல்ட் தூக்கி எறிந்துவிடும். ஷூட்டரே விமானத்தின் முன்னால் வந்து நின்று, வேகத்தைக் குறை என்று காட்டும்வரை முழு வேகத்திலேயே இருக்க வேண்டும். தன் உடம்பை முன்னால் நிறுத்தி, இனி சுட மாட்டார்கள் என்று அவர் உறுதி தருகிறார்.

நீராவி போதாமல் பாய்ச்சல் மந்தமாகிவிட்டால் அதற்குக் கோல்ட் கேட் என்று பெயர். வேகம் வராது, தளமும் முடிந்துவிடும். முடிவெடுக்க இரண்டு வினாடி இருந்தால் அதிகம். கால்களுக்கு நடுவில் இருக்கும் வளையத்தை இழுத்து வெளியேறுவது ஒன்றுதான் வழி, அதை இழுப்பது எப்போது என்பதைக் கேட்டபல்ட்டுக்கு வரும் முன்பே மனதில் தீர்மானித்து வைத்திருப்பார்கள். பாய்ச்சலின் நடுவில் யோசிக்க ஆரம்பித்தவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

மற்ற கப்பல்கள்

2017-ல் சேவைக்கு வந்த ஜெரால்ட் ஆர். ஃபோர்டு கப்பலில் நீராவி இல்லை, மின்காந்தக் கேட்டபல்ட். இழுப்பு தொடக்கம் முதல் முடிவுவரை சீராக இருக்கும், விமானத்தின் உடலுக்கும் அலுப்புக் குறைவு. பிரான்ஸின் சார்ல் தெ கோல் நீராவிதான், ஆனால் ஓட்டம் 75 மீட்டர். இந்தியாவில் 1961-ல் வந்த பழைய விக்ராந்தில் நீராவிக் கேட்டபல்ட் இருந்தது. சீ ஹாக், அலீஸே விமானங்கள் அதிலிருந்து பறந்தன. 1980-களின் இறுதியில் அதை எடுத்துவிட்டு முகப்பில் சறுக்குமேடு வைத்தார்கள். 2022-ல் வந்த புதிய விக்ராந்திலும் மேடுதான். அதில் முதுகில் உதை விழாது. முழு எஞ்சினோடு ஓடி, மேட்டில் ஏறும்போது இருக்கைக்குள் அழுத்தப்படுவீர்கள், அவ்வளவுதான். சறுக்குமேட்டிலிருந்து பறக்கும் மிக்-29கே விமானத்தை ஓட்டிப் பழகிய நண்பர்கள் ஹார்னெட்டுக்கு வந்தால் திணறுவது இதனால்தான். அங்கே கை ஸ்டிக்கில் இருந்து பழகிவிட்டது.

பயிற்சி முறை

அமெரிக்கக் கடற்படையில் பல பத்தாண்டுகளாக மாணவ விமானியின் முதல் கேட்டபல்ட் தனியாகத்தான் இருந்தது. டி-45 பயிற்சி விமானத்தின் பின்னிருக்கையில் ஆசிரியர் ஏறியதில்லை. அதற்கு முன் சொல்லிக்கொடுத்தது எல்லாம் தரையில் இருக்கிற ஓடுபாதையில். நமக்கு அவ்வளவு தைரியம் தேவையில்லை. முதல் நாள் ஐந்து முறை கிளம்பி, ஒவ்வொரு முறையும் வலது கையை ஜாய்ஸ்டிக்கை விட்டு எடுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த மேசை நாற்காலி என்றால் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள்; தம்பி உற்சாகத்தில் பின்னால் போய் அலமாரியில் மோதினான்.

விளிம்பைத் தாண்டி ஏறுகிறது என்று தெரிந்ததும் சக்கரத்தை உள்ளே எடுங்கள். அணியக் கேட்டபல்ட் என்றால் வலது பக்கம் சின்னதாக ஒதுங்குங்கள், இடுப்புக் கேட்டபல்ட் என்றால் இடது பக்கம். பின்னால் வருகிறவருக்கு வழி வேண்டுமே. பிறகு கப்பலின் திசைக்கே திரும்பி, பகல் நேரம் தெளிவான வானிலையில் ஏழு கடல்மைல் தூரம்வரை 500 அடியிலேயே போக வேண்டும். ஏறுவது அதற்கு அப்புறம்தான். தம்பி ஆறாவது முறையில் அந்த ஏழு மைலை முடித்தான், கை இன்னும் மேசை விளிம்பில் இருந்தது. "இப்பப் பிடிக்கலாமாண்ணா?" என்று கேட்டான்.